படத்தின் கீழே என்ன எழுதுவது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக் காட்சிக்குப் பழைய நிழற்படங்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதித் தரும்படி சங்கம் எங்கள் வகுப்பினரைக் கேட்டது. ஒரு வைத்தியர், ஒரு கணக்காளர், இரண்டு ஆசிரியைகள் என்று நான்கு பேர் சேர்ந்தோம். இலேசான வேலை என்றுதான் நினைத்தோம். அந்த இரண்டு வரி எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் கலை உலகில் இருக்கிறார்கள். படங்களைத் தெரிந்து, அடுக்கி, காட்சியாக்குபவரைக் கியூரேட்டர் என்கிறார்கள். பார்த்துப் பொருள் சொல்பவர் விமர்சகர். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். படித்ததில் கொஞ்சத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எங்களுக்குப் பழகிய ஒரு பெயரில் தொடங்குவோம். கொழும்பில் பாடசாலை நாடகம் என்றால் லயனல் வென்ட் அரங்கு நினைவுக்கு வரும். அந்த வென்ட் (1900–1944) சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படக் கலைஞர். அவர் மறைந்தபின், 1950 இல், அவருடைய படங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றில் இலங்கையின் அழகைக் கண்டவர்கள் உண்டு. பிற்கால விமர்சகர்கள் அதே படங்களிடம் வேறு கேள்வி கேட்கிறார்கள். இளைஞரின் உடலை அந்தக் கமரா எந்த ஆசையோடு பார்த்தது? குடியேற்ற ஆட்சிக் காலத்தில், படம் எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது? படம் மாறவில்லை. கேள்விதான் மாறியது.

வைத்தியசாலையில் இது தினமும் நடப்பது. எக்ஸ்றே படத்தோடு ஒரு துண்டு வரும்: ‘இரண்டு கிழமையாக இருமல், காய்ச்சல்.’ அந்தத் துண்டு இல்லாவிட்டால் படம் பாதி ஊமை. துண்டை மட்டும் நம்பினாலோ, அதில் எழுதியிருப்பதை மட்டுமே கண் தேடும். 2013 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் ஸ்கான் படங்களுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் புகுத்தி, சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் கொரில்லாவைக் காணவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர், வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். கலைக்கூடத்துச் சுவரில் கியூரேட்டர் எழுதி ஒட்டும் விளக்கமும் அந்தத் துண்டைப் போன்றதுதான். அது தேவை. ஆனால் அதுவே கண்ணைக் கட்டிவிடவும் கூடும்.

இலங்கைக் கலைஞர் அனோலி பெரேரா 2010, 2011 காலத்தில் செய்த புகைப்படத் தொடர் ஒன்று உண்டு. ‘என் கூந்தலை அவிழ்த்துவிட்டேன்’ என்று பொருள்படும் தலைப்பு. பழைய ஸ்ரூடியோப் படங்களில் போலப் பெண் அமர்ந்திருப்பாள். அவிழ்ந்த கூந்தல் முகத்தை முழுக்க மறைத்திருக்கும். அதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். கொட்டாஞ்சேனையிலிருந்து உடனே பதில் வந்தது: “முகம் தெரியாத படத்தை ஏனடி எடுக்கினம்?” விமர்சகர் தரும் விளக்கத்தைச் சொன்னோம். குடியேற்றக் காலப் படங்களில் பெண் பிறர் பார்ப்பதற்காக இருத்தப்பட்டாள். இவள் இருக்கிறாள், ஆனால் முகத்தைக் கொடுக்க மறுக்கிறாள். அதைக் கேட்டபின் எல்லோரும் மறுபடி பார்த்தோம். அப்போது ரொறன்ரோவிலிருந்து ஓர் அக்கா எழுதினார்: “எனக்கு அது பாஞ்சாலிதான்.” சபதத்தோடு விரித்த கூந்தல். பாண்டியன் சபைக்குப் போன கண்ணகியும் அப்படித்தானே போனாள்?

அக்கா சொன்னதைக் கலைஞர் நினைத்திருக்காமல் இருக்கலாம். ஆனாலும் அது பிழையான வாசிப்பு அல்ல, ஏனென்றால் விரித்த கூந்தல் படத்திலேயே இருக்கிறது. ‘இவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்’ என்று ஒருவர் சொன்னால் அதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை. நோயை நிர்ணயிப்பதும் இப்படித்தான். பலதைச் சந்தேகிக்கலாம், அறிகுறி உடம்பில் இருக்கவேண்டும்.

வீடியோக் கலைக்கு இன்னொன்றும் தேவை: பொறுமை. ஸ்கான் திரையில் இதயத்தைப் பார்ப்பதுபோல, அசைவை நின்று பார்க்கவேண்டும். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டோபர் குலேந்திரன் தோமஸ், அனிக்கா கூல்மானுடன் சேர்ந்து 2019 இல் ஒரு படம் செய்தார். கணினியால் உருவாக்கிய பிரபலங்களின் முகங்கள் அதில் பேசுகின்றன. மனிதர் என்றால் என்ன என்ற கேள்வியை அதில் காணலாம்; போர் முடிந்த நாட்டுக்குள் கலைச்சந்தை நுழைந்த கதையையும் காணலாம். எங்கள் அம்மாமார் பார்த்தால் “இதில எது உண்மை?” என்றுதான் முதலில் கேட்பார்கள். விமர்சகர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.

இனி எங்கள் படத்துக்கு வருவோம். 1996 ஆம் ஆண்டு வகுப்புப் படம். பின்வரிசையில் வலது ஓரமாக மூன்று பேர். படத்தின் பின்புறம் எழுதிய பட்டியலில் அவர்களுடைய பெயர் இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தை லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்து, ஒரே ஒரு தவணை எங்களோடு படித்தவர்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, ‘மகிழ்ச்சியான பள்ளி நாட்கள்’ என்று எழுதிவிட்டோம். அந்த மூவரில் ஒருவரைக் கனடாவில் கண்டுபிடித்து, எழுதியதை அனுப்பினோம். அவர் பதில் எழுதினார்: “சிரிப்பு உண்மைதான். ஆனால் நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பக்கத்து அறைப் பிள்ளையுடையது. முதல்நாள்தான் பொலிசில் பதிந்துவிட்டு வந்தோம்.”

ஒரு தவணை முழுக்கப் பக்கத்தில் இருந்த எங்களுக்கு இது தெரியாது. அந்த 20 பேரில் நாங்களும் இருந்திருக்கிறோம்.

‘மகிழ்ச்சியான’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அவர் சம்மதத்தோடு அவர் சொன்னதையே கீழே எழுதினோம். அவர் மூலம் இரண்டாமவரின் பெயரும் கிடைத்தது. மூன்றாமவரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வெறுங்கோடு விட்டிருக்கிறோம்.

மண்டபத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு பென்சில் தொங்குகிறது. முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு எங்கள் இரண்டு வரியை வாசியுங்கள். பிறகு நாங்கள் காணாததை எழுதுங்கள். இந்த மலரைத் தூர தேசத்தில் வாசிக்கும் சகோதரிகளே, வலது ஓரத்தில் நிற்கும் இரட்டைப் பின்னல்காரியை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். அது நீங்களாகவே இருந்தால், உங்கள் பெயரை நீங்களே எழுதவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.