உணவுக்கும் மதிப்பெண்ணா?



மதிப்பெண் இடுவது ஆசிரியர் தொழில். சோற்றுக்கும் கிழங்குக்கும் கூட மதிப்பெண் உண்டு என்று கேள்வியுற்றபோது, அது எவ்வாறு இடப்படுகிறது என்றறியும் ஆவல் எனக்கு எழுந்தது இயல்பேயாகும். கிளைசீமிக் இண்டெக்ஸ் என வழங்கும் அதனைச் சர்க்கரை ஏற்றக் குறியெண் எனலாம்.

1981ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோப் பல்கலைக் கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 62 உணவுப் பொருள்களைச் சோதித்துப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். 50 கிராம் மாச்சத்து அடங்கிய அளவு ஓர் உணவை ஒருவர் உண்பார். இரண்டு மணி நேரம் வரை விட்டு விட்டு அவரது இரத்தத்தைச் சோதிப்பர். சர்க்கரையின் ஏற்றத்தை வரைபடமாக்கி, வளைகோட்டின் கீழமைந்த பரப்பைக் கணக்கிடுவர். குளுக்கோசு தரும் பரப்பு 100 எனின், இவ்வுணவு தருவது எத்துணை? அதுவே குறியெண். 55ம் அதற்குக் கீழும் தாழ்வு. 70ம் அதற்கு மேலும் உயர்வு.

அம்முதற் பட்டியலில் காரட்டுக் கிழங்கு பெற்ற எண் 92! பிற்காலச் சோதனைகளில் அதன் சராசரி 50க்கும் கீழே இறங்கிற்று. அதற்குள் ‘காரட்டு ஆகாது’ என்ற பேச்சு பரவிவிட்டது. எனக்குத் தெரிந்த வீடொன்றில் நீரிழிவுடைய பெரியவர் ஒருவரின் இலையில் இன்றும் காரட்டுப் பொரியல் விழுவதில்லை. மாலையில் மட்டும், குறியெண் குறைவு என்று உறையில் அச்சிட்ட பிஸ்கோத்து தாராளமாக வருகிறது! 50 கிராம் மாச்சத்தைக் காரட்டிலிருந்து பெற வேண்டுமாயின் அரைக் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். பொரியலாக அவ்வளவு உண்பார் யார்?

இக்குறையை நீக்கவே, 1997இல் அமெரிக்காவின் ஹார்வர்டு அறிஞர்கள் ‘சர்க்கரைச் சுமை’ என்ற கணக்கை வகுத்தனர். குறியெண்ணை உண்ட மாச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி 100ஆல் வகுத்தால் சுமை கிடைக்கும். குறியெண் 70 உள்ள சோற்றில் ஒருவன் 40 கிராம் மாச்சத்து உண்கிறான்; சுமை 28. அவன் தோழன் 50 உள்ள ‘நல்ல’ அரிசியை வாங்கி, நல்லதுதானே என்று 80 கிராம் மாச்சத்து அளவுக்கு உண்கிறான், சுமை 40. யாருக்குச் சர்க்கரை மிகுதியாக ஏறும்?

மேலும், சோற்றை நாம் தனியே உண்பதில்லை. பருப்பும் கீரையும் நெய்யும் சேரும்போது இரைப்பை மெல்லக் காலியாகிறது, ஏற்றமும் மட்டுப்படுகிறது. அரிசியின் இனம், குழைய வேகவைத்தல், ஆறவிடுதல் ஆகியவற்றாலும் எண் மாறும். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த கிழங்கைவிடத் தாழ்ந்த எண் பெறுவதுண்டு. அதனால் வறுவல் உடம்புக்கு உகந்ததாகிவிடுமா?

அங்ஙனமாயின் இவ்வெண் பயனற்றதா? அன்று. 20 நாடுகளில் ஏறத்தாழ 1,38,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், உயர்ந்த குறியெண்ணுடைய உணவினரிடையே இருதய நோயும் மரணமும் மிகுந்து காணப்பட்டன. ஆனால் 2014இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், காய்கனியும் முழுத்தானியமும் நிறைந்த உணவை 163 பேருக்கு அளித்துக் குறியெண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தனர். தனிப்பயன் ஏதும் புலப்படவில்லை. பயறும் முழுத்தானியமும் உண்பாருக்குக் குறியெண் பெரும்பாலும் தானே தாழ்ந்திருக்கும் என்பதை நினைத்தால், இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல என்பது என் கருத்து. உடல்நலமுள்ள மாணவன் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. சோற்றைச் சற்றுக் குறைத்து, சுண்டலையும் காயையும் கூட்டிக் கொண்டாற் போதும்.

நீரிழிவுடையார் நிலை வேறு. அவர்களுக்கு இவ்வெண் ஒரு துணை. எனினும் 2015இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தார் 800 பேரை ஆராய்ந்தபோது, ஒரே உணவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் சர்க்கரையை ஏற்றக் கண்டனர். ஆதலின் நான் குறிப்பிட்ட பெரியவர், காரட்டுப் பொரியலோடு உண்ட நாளிலும் பிஸ்கோத்து உண்ட நாளிலும், உண்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் தம் இரத்தத்தைச் சோதித்துக் குறித்து வைத்து, அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டலாம்.