படகு ஓடாத நாளில் வழக்குத் தவணை

(நெடுந்தீவில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத்திலிருந்து வந்த எங்களுக்குக் குறிகாட்டுவானில் படகு ஏறியபோதே ஒன்று விளங்கிவிட்டது. நீங்கள் கோர்ட்டுக்குப் போவதென்றால் முதலில் ஒரு மணித்தியாலம் கடல், பிறகு பஸ். சோளகம் பலத்தால் படகே ஓடாது. வழக்கோ குறித்த நேரத்தில் கூப்பிடப்படும். எங்கள் பக்கம் மண் சரிந்து ரோட்டு அடைபட்டால் மேல் டிவிசன்காரருக்கும் இதே கதிதான். போய்ச் சேர்ந்தாலும் அன்றைய பேர் இல்லை.

சிவில் வழக்கில் சட்டத்தரணி இல்லாமல் நாமே முன்னிலையாகலாம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, 24ஆம் பிரிவில், அதற்கு இடம் தருகிறது. ஆனால் மறுமொழியை எழுத்தில் கொடுக்க வேண்டும், தவணை தவறக்கூடாது என்பதை அந்த ஏழைக்கு யார் சொல்கிறார்கள்? காணி யாருடையது என்று விசாரிக்கும் முன்பே அவர் தோற்றுவிடுகிறார். நீதவானோ நீதிபதியோ ஒரு பக்கத்துக்காக வாதாட முடியாதுதான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும் மொழியில் சொல்வது வாதாடுவது ஆகாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

வேலைநீக்க வழக்கென்றால் தொழில் நியாய சபையில் சங்கப் பிரதிநிதியே தொழிலாளிக்காகப் பேசலாம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் சரி. மாவட்ட நீதிமன்றத்தில் எங்களால் அப்படி எழுந்து பேச முடியாது. ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள்.

எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. அந்தத் தீர்ப்பாணை உங்கள் கையில் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், மற்றப் பக்கத்துக்கும் அறிவித்து, வராததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் அதை நீக்கி, விட்ட இடத்திலிருந்து வழக்காட விட வேண்டும். 86ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. செலவுத்தொகை கட்டச் சொல்லலாம், அது வேறு. படகு ஓடவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. அன்றைக்கே கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கடதாசி வந்த திகதியை அதன் மேலேயே எழுதுங்கள். வாங்க மறுத்து ஒளிப்பதால் வழக்கு நிற்காது.

இங்கே நீதிமன்றம் தமிழில் நடக்கிறது. எங்கள் பகுதிகளில் பெரும்பாலும் சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்புத் தர வேண்டும். கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்து, வெளியே நின்று “என்னண்ணே சொன்னாங்க?” என்று விசாரிக்கிறோம். உள்ளேயே கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. முதல் தவணைக்கு முன்பே போங்கள்.

அழைப்பாணை கையில் இருப்பவர்கள் இப்போதே முன்னுக்கு வாருங்கள். திகதியைப் பார்ப்போம். நாங்களும் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும்.