வரிசை பிசகாத படிகம்

தஞ்சாவூர்ப் பக்கம் கயிறு பிடித்து நட்ட வயலை வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். நேராக ஓடும் வரிசைகளில் ஒன்று எங்கோ பாதியில் நின்றுவிடும். அக்கம்பக்கத்து வரிசைகள் அங்கே வளைந்து நெருங்கும். சிலிக்கான் படிகத்துக்குள் அணுக்களின் வரிசையிலும் இதே பிசகு நேர்கிறது. நெல்லுக்கு அதனால் நட்டமில்லை. செல்போன் சில்லுக்கு உண்டு. பிசகிய இடத்தில் அசுத்த உலோகம் போய்த் தங்கும், மின்சாரம் கசியும்.

சில்லுக்கான படிகத்தை வளர்க்க, 1414 டிகிரியில் உருகிய சிலிக்கானில் விதைப்படிகம் எனும் சிறு படிகத் துண்டைத் தொட்டு, சுழற்றியபடி மெல்ல மேலே இழுக்கிறார்கள். 1916-ல் போலந்துக்காரர் சோக்ரால்ஸ்கி கண்ட வழி அது. விதை தொட்ட சூட்டு அதிர்ச்சியிலேயே பிசகுகள் பிறந்துவிடும். அவற்றை வெளியேற்றும் வித்தையைத்தான் எனக்குச் சொல்லச் சொல்ல அலுக்காது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் டாஷ் செய்தது இது: விதைக்குக் கீழே வளரும் படிகத்தை வேகமாக இழுத்து, அதன் கழுத்தைச் சில மில்லிமீட்டராக ஒல்லியாக்கினார். பிசகுகள் சாய்வாக ஓடுபவை. ஒல்லிக் கழுத்தில் சீக்கிரமே ஓரத்தை எட்டி மறைந்தன. பிறகு அகலமாக்கினால் பிசகே இல்லாத படிகம்! இன்று நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உருளை அந்தக் கழுத்தில் தொங்குகிறது, யோசித்துப் பாருங்கள்.

மாணவப் பருவத்தில் நானும் ஒரு படிகம் வளர்த்தேன்; அது, உழவர்கள் பயிருக்கு இலைவழி தெளிக்கிறார்களே, அதே மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். நீரில் கரைத்து, சூட்டைத் துளித்துளியாக இறக்கிக்கொண்டே வரவேண்டும். பதினெட்டாம் நாள் இரவு, ஐப்பசி மழையில் மின்சாரம் போனது. காலையில் பார்த்தால், கண்ணாடி போலிருந்த படிகத்துக்குள் பால் சிந்தினாற்போல் ஒரு வெண்படலம். சூடு சட்டென இறங்கியதும் அவசரமாக வளர்ந்து, கரைசலையே உள்ளே விழுங்கிவிட்டது. அந்தப் படிகம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

நேரம் நெருங்குகிறது, நம்மவர்களைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1982-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் உருவானது. 2005-ல் காரைக்குடியின் சங்கரநாராயணனும் பேராசிரியர் ராமசாமியும், கண்ணாடிக் குழாயின் கூரான அடியில் விதையை வைத்து, கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகத்தை எழுப்பிக் காட்டினார்கள். அந்த முறைக்கு உலக ஆய்விதழ்களில் அவர்கள் பெயர்தான்.

பள்ளிப் பிள்ளைகளே, நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்குங்கள். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி ஆறவிடுங்கள். அடியில் படியும் துணுக்குகளில் தெளிவான ஒன்றை நூலில் கட்டி, ஆறிய அதே நீரில் தொங்கவிடுங்கள். நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்து, இரண்டு வாரம் அசைக்காமல் காத்திருங்கள்.