பாடை தூக்க நால்வர் இல்லை
(தாராவியில், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் நம் சந்தில் ஓர் இளைஞர் இறந்தார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறையில் உழைத்தவர். "அந்த நோயாம்" என்று ஒருவர் காதில் ஒருவர் ஓத, பாடை தூக்க நான்கு பேர் சேரவில்லை. ஒற்றுமை, உரிமை என்று மேடைதோறும் முழங்கும் நாமும் அன்று பத்தடி தள்ளித்தான் நின்றோம். அந்த வெட்கத்தோடுதான் இன்று பேசுகிறோம்.

எச்.ஐ.வி. என்பது கிருமி. அது உடலின் எதிர்ப்பு ஆற்றலைப் பல ஆண்டுகள் அரித்த பின் வரும் நிலைதான் எய்ட்ஸ். கிருமி புகுந்தவர் ஆண்டுக்கணக்கில் வெளிக்கு நலமாகவே இருப்பார். மூட்டை தூக்குவார், ஓவர்டைம் பார்ப்பார். ஆளைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டுக்கொள்வது, பரிசோதிக்காத இரத்தம், தாயிடமிருந்து கருவிலும் பிரசவத்திலும் பாலிலும் பிள்ளைக்கு: இவைதான் வழிகள். வியர்வையில் பரவாது, ஒரே தட்டில் தின்றால் வராது, கொசு கொண்டுவராது. குழாயடியிலும் பொதுக் கக்கூஸிலும் வரிசையில் நிற்கும் நமக்கு வேறு நோய்கள் வரலாம், இது வராது. பாடை தூக்கும் தோளுக்கும் வராது.

1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இக்கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களின் இரத்தம். அன்று நீண்டது சுட்டுவிரல். முதலில் அப்பெண்கள், பிறகு லாரி ஓட்டுநர்கள், பிறகு நாம். நகரத்து நோயை ஊருக்குக் கடத்தும் 'பாலம்' என்று அரசுத் திட்டமே நம்மை வகைப்படுத்திற்று. முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவி ஊரில் கிருமியோடு இருக்கிறாள் என்றால் அது யார் வழி வந்தது? ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்தப் பாலத்தைக் கட்டியவர் யார் என்றும் கேட்போம். ஓர் அறையில் பத்துப் பேர் முறைவைத்து உறங்கும் கூலி. பெண்டாட்டி பிள்ளையை அழைத்துவர விடாத வாடகை. ஆண்டுக்கொரு முறை கோயில் கொடைக்கு ஊர்ப் பயணம். கூலியைப் பேசாமல் ஒழுக்கத்தை மட்டும் போதிப்பது அரைப் பேச்சு. (ஆணுறை வேண்டாம் என்கிறோம் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். கட்டாயம் வேண்டும்!)

2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் நம் ஜே.ஜே. மருத்துவமனையும் ஒன்று. நாள் தவறாமல் உண்டால் கிருமி அடங்கும். சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி அப்படியே இருந்தால் உடலுறவு வழியும் பரவாது. கருவுற்ற தாய் மருந்துண்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது.

அந்த இளைஞருக்கும் மாத்திரை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கொடைக்கு ஊர் போனவர், அக்கா கண்ணில் படுமே என்று அஞ்சி டப்பாவை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நின்றது நின்றதுதான். பிறகு காசநோய் பிடித்தது. இதை நாம் அறிந்தது அவர் போன பின்னரே. பயணத்தை முன்கூட்டியே மையத்தில் சொன்னால் கூடுதல் மாத்திரைக்கு வழி செய்வார்கள். நீண்ட நாள் தங்குவதானால் ஊர்ப்பக்கத்து மையத்துக்கே மாற்றிக் கொடுப்பார்கள். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர் இல்லாமல் போனோமே!

2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இக்கிருமியைக் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. சம்மதமின்றிச் சோதிக்கவும் கூடாது. பட்டறையில் எவராவது மிரட்டினால் சங்கத்துக்கு வாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை செயற்குழுவினர் நாங்கள் அனைவரும் அரசு மையத்துக்குப் போய் இரத்தம் கொடுக்கிறோம். காசில்லை, முடிவு நம் காதுக்கு மட்டும். அண்மையில் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். உடன் வருவோர் வரலாம். தனியே கேட்க விரும்புவோர்க்கு 1097 இலவச எண்.

இனிக் கேள்விகள். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.