குழந்தையை இழந்த வீடும் நமது கடமையும்

(ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வழக்கமான விஷயமல்ல. கோவில், புரோகிதம், ஜாதி என்று பேசினால் கை தட்டுவதற்கும் ஆள் இருக்கும். கூச்சல் போடுவதற்கும் ஆள் இருக்கும். குழந்தை செத்துப்போன வீட்டைப்பற்றிப் பேசினால் இரண்டும் இருக்காது. ஏனென்றால் அந்த வீட்டைப்பற்றி யாரும் பேசுவதே கிடையாது. வயதான கிழவர் செத்தால் பந்தல் போடுகின்றோம், மேளம் அடிக்கின்றோம், பதினாறு நாள் வருவதும் போவதுமாய் இருக்கின்றோம். பிறந்து இரண்டு நாளில் போன குழந்தைக்கும், வயிற்றிலேயே உயிர் நின்று பிறந்த குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ஒரு துணியில் சுற்றி, தகப்பனோ தாய்மாமனோ தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தலைமுழுகினால் காரியம் முடிந்துவிட்டது. மறுநாள் முதல் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது.

இந்த ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பக்கம் மந்திரிமார் பங்களாக்கள் இருக்கின்றன. கொஞ்ச தூரம் நடந்தால் சீனிவாசபுரத்தில் கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர் குடியிருப்பு இருக்கின்றது. சாப்பாடு வேறு, வீடு வேறு, ஆஸ்பத்திரி வேறு. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணிடம் சொல்லப்படும் வார்த்தை மாத்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கின்றது. "போன ஜென்மத்தில் யார் பிள்ளையைப் பட்டினி போட்டாயோ?" என்கிறார்கள். "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்கிறார்கள். பாலாரிஷ்டம் என்கிறார் ஜோசியர். பட்சி தோஷம் என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. தீட்டுக்காரி நிழல் பட்டுவிட்டது என்கிறாள் அத்தை. ஒருவரும் பொல்லாதவர்கள் அல்ல. துக்கம் விசாரிக்கத்தான் வந்தார்கள். வந்த இடத்தில் பிள்ளையைக் கொன்ற குற்றத்தைத் தாயின் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிராரப்தம், கர்மம் என்பவை ஆறுதலுக்காகச் சொல்லப்படுவன, அதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. ஆறுதல் யாருக்கு என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். சொல்லுகிறவனுக்கு ஆறுதல்தான், ஒரு பதிலைச் சொல்லிவிட்டோம் என்று எழுந்து போகலாம். கேட்கிறவளுக்கோ அது ஆயுள் தண்டனை.

சரி, கர்மம் என்பது உண்மைதானா என்று கணக்குப் பார்ப்போம். 1971-ஆம் வருஷத்தில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் செத்தன. 2020-ஆம் வருஷக் கணக்கில் அது 28 ஆக இறங்கிவிட்டது. நமது தமிழ்நாட்டில் 13. தோழர்களே! இந்த ஐம்பது வருஷத்தில் ஜனங்கள் போன ஜென்மத்தில் செய்த பாவம் குறைந்துபோய்விட்டதா? தமிழ்நாட்டுக்காரன் போன ஜென்மத்தில் மற்ற மாகாணத்தானைவிடப் புண்ணியவானாய் இருந்தானா? பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நர்சு கிராமத்துக்குப் போனாள். கர்ப்பிணிக்கு ஊசி போட்டார்கள். தொப்புள்கொடியைச் சுத்தமான கத்தியால் அறுத்தார்கள். அழுக்குக் கத்தியால் அறுத்ததனால் பிள்ளைக்கு வலிப்பு வந்து செத்ததைப் பேய் அடித்தது என்று எத்தனை தலைமுறை நம்பினோம்! அந்தப் பிறந்த குழந்தை ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் சொல்லிற்று. அந்தப் பேயை ஓட்டியது வேப்பிலை அல்ல, தடுப்பூசி.

ஆனால் இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எல்லாச் சாவுக்கும் டாக்டரிடம் பதில் இருக்கின்றது என்று நாம் சொல்லிவிடக்கூடாது. ஏழு மாதத்துக்குமேல் வயிற்றில் வளர்ந்து உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகள் உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் என்று 2021-ஆம் வருஷத்துக் கணக்கு சொல்லுகின்றது. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொற்று நோய், நஞ்சுக்கொடியில் கோளாறு, நேரத்தில் வைத்தியம் கிடைக்காமை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாம் பரிசோதித்த பிறகும் காரணம் தெரியாமல் நிற்பவையும் ஏராளம். "தெரியவில்லை" என்று டாக்டர் சொன்னால் அது யோக்கியமான பதில். அந்த வெற்றிடத்தில் ஜாதகத்தைக் கொண்டுவந்து அடைக்கக்கூடாது. அதில் தாயின் குற்றத்தையும் அடைக்கக்கூடாது. மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள், ராத்திரி கண் விழித்துச் சினிமா பார்த்தாள் என்று பகுத்தறிவு பேசுகிற வீட்டிலேயே விசாரணை நடக்கின்றது. கர்மம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே குற்றப்பத்திரிகையை வாசித்தால் அது என்ன பகுத்தறிவு?

நம்முடைய தோழர்களைப்பற்றி இன்னொரு சங்கதியும் சொல்லியாக வேண்டும். பிறப்பும் இறப்பும் இயற்கை, அழுவது மூடத்தனம் என்று துக்க வீட்டில் போய்ப் பிரசங்கம் செய்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இது வீரமும் அல்ல, அறிவும் அல்ல. இதே ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கின்றது. அந்த வழியாய்ப் போகிறவர்கள் அவரைச் சட்டம் செய்தவர் என்று மாத்திரம் நினைக்கிறார்கள். அவருக்கும் ரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த பிள்ளைகள் ஐந்து. அவற்றில் நான்கு சிறு பிராயத்திலேயே போய்விட்டன. 1926-இல் கடைசிப் பையன் ராஜரத்தினம் இறந்தபோது அவர் ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். தாமும் தமது மனைவியும் தேறிவிட்டதாகப் பாசாங்கு செய்வதில் பிரயோஜனமில்லை, எப்போதாவது தேறுவோம் என்றும் தோன்றவில்லை என்பது அதன் கருத்து. அடுத்த வருஷம்தான் மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்கும் கிளர்ச்சியை நடத்தினார். அழுத மனிதன் வேலை செய்யமாட்டான் என்று யார் சொன்னது? ஈரோட்டில் பெரியாரும் நாகம்மையாரும் பெற்ற பெண் குழந்தையும் ஐந்தாவது மாதத்தில் இறந்ததுதான்.

இந்தப் பேட்டைக்குப் பக்கத்து மயிலாப்பூரில் வருஷா வருஷம் பங்குனி உற்சவத்தில் பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பிய கதையை நடத்திக் காட்டுகிறார்கள். செத்த பெண் பதிகத்தால் எழுந்தாள் என்பதை நாம் நம்பவில்லை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நமக்கு அந்த மாதிரி பக்தி இல்லாததால்தானே நம் பிள்ளை எழவில்லை என்று ஒரு தாய் நினைத்தால் அவள் கதி என்ன என்பதுதான் நமது கேள்வி. ஆனால் அதே கதையில் ஒரு தகப்பன் வருகிறான். செத்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்து, கன்னிமாடத்தில் வைத்துக் காப்பாற்றினான். அது அற்புதம் அல்ல. அது மனிதன் செய்கிற காரியம். எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் மனம் கேட்கின்றது. நம் பெண்களுக்கு நாம் என்ன வைத்துக்கொள்ளக் கொடுக்கின்றோம்? "பார்த்தால் மனசு தாங்காது" என்று சொல்லி, பத்து மாதம் சுமந்தவளுக்குப் பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டாமல் எடுத்துக்கொண்டுபோய் விடுகின்றோம். தாங்குமா தாங்காதா என்று அவளைக் கேட்டவர் யார்? கட்டாயம் பார் என்று வற்புறுத்துவதும் தப்பு, காட்டவே கூடாது என்று மறைப்பதும் தப்பு. கேளுங்கள். வேண்டும் என்றால் மடியில் கொடுங்கள். பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லுங்கள். புதைக்கிற இடத்தை அவளுக்குச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மந்திரமும் வேண்டியதில்லை, ஒரு காசும் செலவில்லை.

இது மேல்நாட்டு நாகரிகம் என்று சொல்லுகிறவர்கள் புறநானூற்றில் சேரமான் கணைக்கால் இரும்பொறை பாட்டைப் பார்க்கட்டும். குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாய்ப் பிறந்தாலும், அதுவும் ஓர் ஆள்தான் என்று கருதி, வாளால் கீறியே அடக்கம் செய்தார்களாம் அக்காலத்து அரச குலத்தார். அந்த வாள் நமக்கு வேண்டாம். வீர சுவர்க்கமும் வேண்டாம். ஆனால் மூச்சுவிடாத பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ணினார்கள் அல்லவா, அதை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். சட்டமும் அதைச் சொல்லியிருக்கின்றது. 1961-ஆம் வருஷத்து மகப்பேறு உதவிச் சட்டத்தில், குழந்தை என்றால் செத்துப் பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான் என்று எழுதினார்கள். செத்துப் பிறந்ததையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். சர்க்கார் புத்தகத்தில் பதியப்படுகிற பிள்ளை நமது வாயில் மாத்திரம் பதியப்படுவதில்லை.

பால் விஷயத்தையும் சொல்லிவிடுகின்றோம். ஆண்கள் இருக்கின்ற கூட்டம் என்று கூசவேண்டியதில்லை. பிள்ளை போன இரண்டு மூன்று நாளில் தாய்க்குப் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும். குடிக்கப் பிள்ளை இல்லை. உடம்பு அவளுக்குச் செய்கின்ற இந்தக் கொடுமையை யாரும் முன்கூட்டிச் சொல்லுவதுகூட இல்லை. நம் பெரியவர்கள் மல்லிகைப் பூவைச் சரமாக வைத்துக் கட்டுவார்கள். பழையது என்பதால் இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். டாக்டர்கள் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பரிசோதித்து, பூவுக்கும் பலன் உண்டு என்று 1988-இல் எழுதியிருக்கிறார்கள். பரிசோதனையில் நின்றால் பாட்டி சொன்னதையும் ஏற்போம், நிற்காவிட்டால் வேதம் சொன்னதையும் தள்ளுவோம். காய்ச்சலோ, மார்பு சிவந்து வலியோ வந்தால் பூவோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சில தாய்மார், நம் பிள்ளை குடிக்காத பாலைக் குறைமாதத்தில் பிறந்த இன்னொரு பிள்ளை குடிக்கட்டும் என்று தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கின்றார்கள். கொடுத்தால்தான் நல்ல தாய் என்று யாரும் அவளை நெருக்க வேண்டியதில்லை. அது அவள் இஷ்டம்.

இனி லீவு. செத்துப் பிறந்தாலும், பிறந்தவுடன் போனாலும், மத்திய சர்க்கார் உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்கு 60 நாள் விசேஷ லீவு என்று 2022-இல் உத்தரவு போட்டார்கள். கர்ப்பம் கலைந்தவளுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் என்பது 1961 சட்டத்தில் வந்தது. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கின்றது. தகப்பனை நம் நாட்டில் யாரும் நினைக்கவில்லை. நியூசிலாந்தில் 2021 முதல் கர்ப்பம் கலைந்தால் தாய்க்கும் அவள் துணைவனுக்கும் மூன்று நாள் சம்பள லீவு உண்டு. இங்கே புதைத்துவிட்டு வந்த கையோடு மறுநாள் ஆட்டோ ஓட்டப் போகிறான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று அவனுக்கும் ஒரு வாய்ப்பூட்டு.

சட்டம் இருக்கட்டும். இந்தப் பேட்டையில் பாத்திரம் தேய்க்கிற, சமைக்கிற, பிள்ளை பார்க்கிற பெண்களுக்கு எந்த ஆபீசில் லீவு எழுதிக்கொடுப்பது? அவர்களுக்கு முதலாளி நீங்கள்தான். உங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் பிள்ளையை இழந்தால் எத்தனை நாளில் வேறு ஆளை வைத்தீர்கள் என்று நாம் கேட்கமாட்டோம். நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரச் சம்பளம் உங்கள் வீட்டில் ஒரு மாதத்து ஓட்டல் செலவுக்குச் சமானமாய் இருக்குமா? அதைக் கையில் கொடுத்து, உடம்பு தேறியபிறகு வா, இடம் உனக்குத்தான் என்று சொல்லக்கூடிய வீடு இந்தக் கூட்டத்தில் எத்தனை இருக்கின்றது?

போகிறவர்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், சாப்பாடு கொண்டுபோங்கள். மூத்த பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசத் தெரியாவிட்டால் பேசாமல் உட்காருங்கள். "அடுத்தது பிறந்தால் சரியாய்ப் போகும்" என்று மாத்திரம் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை மாற்றுச் சரக்கு அல்ல. வளைகாப்புக்கும் பேர் வைக்கவும் அவளைக் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவள் முடிவு. ராசியில்லாதவள் என்று வாசலில் நிறுத்துகிற வீட்டில் நீங்களும் சாப்பிடாதீர்கள். வாரங்கள் கழிந்தும் தூக்கமில்லை, சோறில்லை, செத்துப்போகிறேன் என்கிறாள் என்றால் அது திருஷ்டியல்ல, வைத்தியம் செய்யவேண்டிய விஷயம். சர்க்காரின் 14416 என்ற மனநல டெலிபோன் நம்பரில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள் இப்படிப் போய்விட்டன. சர்ப்ப சாபம், ராமேஸ்வரம் போய் நாகப் பிரதிஷ்டை செய் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். என் மனைவியும் போகலாம் என்கிறாள். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். தோழரே! கல்லுப் பாம்புக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. முதலில் பிரசவத்துக் காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்கோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கோ போங்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ரத்த வகை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் போயிற்று, அடுத்த கர்ப்பத்தில் எந்த மாதத்திலிருந்து என்ன ஜாக்கிரதை என்று எழுதி வாங்குங்கள். அம்மாளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்; பரிசோதனை உங்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகும் கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டும்போல் இருக்கின்றது என்று அவர்கள் சொன்னால், கூட்டிக்கொண்டு போங்கள். புரோகிதர் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரயிலில் ஏறிய பிறகு விவாதமும் செய்யாதீர்கள்.