பழைய பாட்டரி ஏன் செத்தது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாய், ஏதாவது பேசு" என்றார்கள். பெரிய விஷயமெல்லாம் பேச எனக்கு வராது. ஒரு பாட்டரி மாற்றிய கதையைச் சொல்கிறேன்.

அங்கே மோட்டார் ஹோம் என்றொரு வண்டி உண்டு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. இன்ஜினைக் கிளப்ப ஒரு பாட்டரி. விளக்கு, பம்பு, ஹீட்டர் விசிறிக்கு வேறு பாட்டரி. இந்த இரண்டாவதற்கு 'வீட்டு பாட்டரி' என்று பெயர். நான் வாங்கியது பழைய வண்டி. 2020-இல் அதன் வீட்டு பாட்டரி செத்தது. கடைக்குப் போய் அதே மாதிரி 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பாட்டரி இரண்டு வாங்கி, தொடராக இணைத்து மாட்டினேன். 12 வோல்ட், 220 ஆம்பியர்-மணி. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

2022 நவம்பரில் அப்பா வந்திருந்தார். கிராண்ட் கேன்யன் தென்கரைக்குப் போனோம். சுமார் 2,100 மீட்டர் உயரம், நல்ல குளிர். நாங்கள் தங்கிய இடத்தில் மின் இணைப்பு கிடையாது. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். இரவு முழுக்க முகமூடி மெஷின் ஓட வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார். "டேய், மெஷின் நின்னு போச்சுடா." ஹீட்டரும் நின்றிருந்தது. இன்ஜினைக் கிளப்பி, விடியும்வரை ஓடவிட்டு ஒப்பேற்றினோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ இன்ஜினியர்தானே?"

வீட்டுக்கு வந்ததும் கடைக்குப் போகவில்லை. காகிதத்தை எடுத்தேன். ஹீட்டர் விசிறி 7 ஆம்பியர், மொத்தம் 5 மணி நேரம்: 35. மூச்சு மெஷின் 4 ஆம்பியர், 8 மணி நேரம்: 32. மற்றதெல்லாம் சேர்த்து 10. ஆக ஓர் இரவுக்கு 77 ஆம்பியர்-மணி. ஈய-அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பார்கள். 220-இல் பாதி 110. கணக்குப்படி போதும். பின் ஏன் போதவில்லை?

11 ஆம்பியர் சுமை கொடுத்துப் பார்த்தேன். 20 மணி நேரம் தாங்க வேண்டியது, 7 மணி நேரத்தில் படுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் இரண்டு செல்லில் தகடு வெளியே தெரிந்தது. நம் லேபில் ஹைட்ரோமீட்டரைக் கையில் கொடுக்குமுன், "தண்ணி பாத்தியா?" என்று அதட்டுவாரே லேப் அண்ணன், அவர் குரல் காதில் விழுந்தது.

அதற்கப்புறம்தான் சார்ஜரில் மீட்டரை வைத்தேன். எப்போதும் 13.6 வோல்ட், ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஈய-அமில பாட்டரி முழுதாக நிரம்ப 14.4-க்கு மேல் வேண்டும். நிரம்பாமலே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். மாதக்கணக்கில் செருகியே வைத்தாலோ, அதே 13.6 தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். முதல் ஜோடியைக் கொன்றதும் இதுதான், இரண்டாவதைக் கொன்றதும் இதுதான். நான் மாற்றியது செத்தவனை. கொன்றவனை அங்கேயே விட்டுவைத்திருந்தேன்.

இம்முறை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்குப் போனேன். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப், அக்ஷய பாதி முதலானோர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த சரக்கு. 100 ஆம்பியர்-மணியில் இரண்டு. எடை பாதிக்கும் குறைவு. அநேகமாக முழுக் கொள்ளளவையும் எடுக்கலாம். இரண்டு இரவு தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. காட்டில் தங்குபவனுக்கு அதுதான் முக்கியம்.

ஆனால் அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. ஆகவே வெளிப்பெட்டியிலிருந்து கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்தேன். ஹைட்ரஜன் விடும் பழைய பாட்டரியை அங்கே வைத்திருக்க முடியாது. இன்ஜினின் ஆல்டர்னேட்டரை நேரே இணைத்தால், இது மளமளவென்று கரண்டை இழுத்து அதைச் சூடாக்கிவிடும். நடுவில் 30 ஆம்பியர் டிசி சார்ஜர் ஒன்று போட்டேன். பழைய சார்ஜரைக் கழற்றி எறிந்தேன். தடித்த ஃபியூஸ், எடுத்ததையும் போட்டதையும் கணக்கு வைக்கும் மீட்டர். மொத்தச் செலவில் பாட்டரி பாதிதான்.

எல்லோருக்கும் லித்தியம்தான் என்று நான் சொல்லவில்லை. எப்போதும் மின் இணைப்புள்ள இடத்தில் தங்குபவருக்கு, சரியான சார்ஜரும் மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்கும் பழக்கமும் இருந்தால் ஈய-அமிலமே போதும்.

தம்பி தங்கையரே, நம் வீட்டு இன்வர்ட்டர் பாட்டரிக்கும் இதே கதைதான். செத்தால் கடைக்காரர் வருவார், புதியதை வைப்பார், பழையதைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் வண்டியில் ஏற்றுமுன் தடுத்து நிறுத்தி, ஏன் செத்தது என்று பாருங்கள். விடை அதற்குள்ளேதான் இருக்கும்.

2024-இல் அப்பா மறுபடி வந்தார். அதே இடம், அதே குளிர். காலையில் மீட்டரைப் பார்த்தேன். 60 சதவீதம் மிச்சம். அப்பாவை எழுப்பிச் சொல்லலாமென்று போனேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.