‘இருந்தோம்’ என்பதும் ‘யூஸ்ட் டு’ என்பதும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு காவியமும் அன்று. ஒரு புலவரின் வரலாறும் அன்று. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் ஒரு சிறு சொற்றொடர். ‘யூஸ்ட் டு’ என்பது அது. ‘வழக்கமாகச் செய்தல்’ என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொடுப்பதுண்டு. அது பாதிப் பொருளே. மற்றப் பாதி எங்கே என்பதுதான் இன்றைய பேச்சு.

‘ஹீ யூஸ்ட் டு ஸ்மோக்’ என்றால், அவர் முன்பு புகைத்து வந்தார் என்பது ஒரு பாதி. இப்போது விட்டுவிட்டார் என்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கு வாக்கியத்தில் தனிச்சொல் இல்லை. ஆயினும் கேட்பவர் விளங்கிக்கொள்கிறார். ‘இன்றும் புகைக்கிறார்’ என்று சேர்த்துச் சொன்னால் இலக்கணம் தடுக்காது. ஆனால் அப்படிச் சேர்த்துச் சொல்லாவிட்டால், விட்டுவிட்டார் என்றே எவரும் கொள்வர். வழக்கத்தைச் சொல்லும்போதே அதன் முடிவையும் உணர்த்திவிடுவது இத்தொடரின் இயல்பு.

இதன் வேர், பயன்பாடு, பழக்கம் ஆகிய இரண்டையும் குறித்த ஓர் இலத்தீன் சொல். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘யூஷுவல்’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஷேக்ஸ்பியர் (1564-1616) காலத்து ஆங்கிலத்தில் இவ்வினை நிகழ்காலத்திலும் இப்பொருளில் வழங்கியது. காலப்போக்கில் நிகழ்கால வடிவம் வழக்கொழிந்தது. இறந்தகால வடிவம் மட்டும் எஞ்சியது. உச்சரிப்பும் பிரிந்தது. ‘பயன்படுத்தினான்’ என்னும் பொருளில் வரும்போது நடுவில் வண்டின் ரீங்காரம் போன்ற ஒலி கேட்கும். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது அது பாம்பின் சீறல் போல ஒலிக்கும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு.

இங்கே இன்னொரு மயக்கமும் உண்டு. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் கொலம்போ’ என்றால், முன்பு கொழும்பில் வாழ்ந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் கொலம்போ’ என்றால், கொழும்பு வாழ்க்கை எனக்குப் பழகிவிட்டது. முன்னையது இழந்ததைச் சொல்கிறது. பின்னையது பழகிப்போனதைச் சொல்கிறது. ஊர்விட்டு ஊர் வந்தவர் ஒருவரின் வாழ்வு முழுவதும் இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையில் அடங்கிவிடலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். பழைய நாட்களை நினைத்துப் பேசும்போது நாம் எந்தக் காலத்தைக் கையாளுகிறோம்? ‘அந்த நாட்களில் பாட்டி விடியற்காலையில் எழும்புவார், முற்றம் கூட்டுவார், தேவாரம் பாடுவார்’ என்கிறோம். பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். வினையோ எதிர்கால வடிவில் நிற்கிறது. இது பிழையன்று. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் சொல்லும் மரபு தொல்காப்பியத்திலேயே உண்டு. ‘மலை நிற்கும்’ என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவர். ஆங்கிலமும் ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘வுட்’ என்பதைக் கொண்டு பாட்டியின் செயல்களைச் சொல்லும். ஆனால் ‘முற்றத்தில் ஒரு வேம்பு நின்றது’ என்ற நிலையைச் சொல்ல ‘வுட்’ உதவாது. ‘யூஸ்ட் டு’ தான் வேண்டும். தமிழில் ‘அப்போது முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கும்’ என்றும் சொல்லலாம். அது இன்றும் நிற்கிறதா, தறிக்கப்பட்டதா என்பதைத் தமிழ் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் இன்னொரு வடிவமும் உண்டு. ‘அவர் முந்தி இஞ்சை வாறவர்’ என்பர். ‘ஹீ யூஸ்ட் டு கம் ஹியர்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைப்பது அரிது. ஆனால் ‘முந்தி’ என்ற சொல்லை எடுத்துவிட்டால், அவர் இப்போதும் வருகிறவராகிவிடுகிறார். ஆங்கிலத்தில் வினைத்தொடரே உணர்த்தும் முடிவை இங்கே தனியொரு சொல் சுமக்கிறது.

இது இலக்கண வேடிக்கை மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த மக்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒருவர் ஓர் அலுவலகத்தில் ‘நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்தனாங்கள்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் ‘யூஸ்ட் டு லிவ்’ என்று எழுதுகிறார். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் அவர் சொன்னது இருந்ததை மட்டுமே. திரும்பிப் போகும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. ஆங்கில வாக்கியமோ, அந்த வாழ்வு முடிந்த கதை என்ற தொனியைத் தந்துவிடுகிறது. பேசியவர் திறந்து வைத்த கதவை எழுதியவர் சாத்திவிடுகிறார்.

வழி இல்லாமல் இல்லை. இத்தனை ஆண்டுகள் இருந்தோம் என்று கணக்குச் சொல்லும் இடத்தில் ‘யூஸ்ட் டு’ வரவே கூடாது; அங்கே சாதாரண இறந்தகாலமே முறை. ‘அவர் ஊர் யாழ்ப்பாணம்’ என்பதை நிகழ்காலத்திலேயே எழுதலாம். ஐயம் இருந்தால், திரும்பிப் போகும் எண்ணம் உண்டா என்று அவரிடமே கேட்கலாம். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கதைகளை மொழிபெயர்ப்போருக்கும் இது பொருந்தும். ‘பாடுவார்’ என்ற வினையைக் காணுந்தோறும் ‘யூஸ்ட் டு’ போட்டு நிரப்பினால், பாட்டியின் குரல் கேட்கும் பக்கம் இழப்புகளின் பட்டியலாகிவிடும். தொடக்கத்தில் ஒருமுறை அதனைச் சொல்லிக் காலத்தை நிறுவிவிட்டுப் பின்னர் ‘வுட்’ என்றோ வெறும் இறந்தகாலத்திலோ நடத்திச் செல்வது நல்ல ஆங்கில உரைநடையில் காணும் வழக்கம்.

ஒரு மொழி எதைச் சொல்கிறது என்று கற்பதோடு, எதைச் சொல்லாமல் உணர்த்துகிறது என்றும் கற்க வேண்டும். ‘யூஸ்ட் டு’ என்று எழுத முனையும் ஒவ்வொரு முறையும், ‘இது உண்மையில் முடிந்துவிட்டதா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லும் உரிமை அந்த வாழ்வை வாழ்ந்தவருக்கே உண்டு.